சுகந்திக்கு நான் சொல்லிக்கொடுத்த சொல்

ஓர் ஆங்கிலச் சொல்லுக்குப் பிழையான பொருளை, தெரிந்துகொண்டே, ஒருத்திக்குச் சொல்லிக்கொடுத்தேன். மறதி இல்லை. அறியாமையும் இல்லை. சரியான பொருள் என் நாக்கு நுனியில் நின்றது. அதை விழுங்கிவிட்டுத்தான் மற்றதைச் சொன்னேன்!

இதெல்லாம் ஒரு குற்றமா என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டு மிச்சத்தையும் கேளுங்கள்.

ஆனையிறவுக்குத் தெற்கே, மிதிவெடி அகற்றும் நிறுவனம் ஒன்றில் நானும் சுகந்தியும் ஒரே அணியில் இருந்தோம். முழங்காலில் இருந்தபடி மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிப் பார்க்கிற வேலை. களைப்பில் கை தவறிவிடக் கூடாது என்பதற்காக அடிக்கடி விசில் ஊதி ஓய்வு தருவார்கள். மற்றப் பெண்கள் தறப்பாள் கூடார நிழலில் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். நாங்கள் இருவரும் ஆங்கிலம் படிப்போம். ஓர் ஓய்வுக்கு ஒரு சொல்.

அணித் தலைவி வேலை ஒன்று வரவிருந்தது. வெளிநாட்டு அதிகாரிகள் ஆங்கிலத்தில்தான் கேள்வி கேட்பார்கள், அதுவும் கடினமான சொற்களாகப் போட்டுக் கேட்பார்கள் என்று கதை. நான் வவுனியாவில் கொஞ்சக் காலம் ஆங்கில வகுப்புக்குப் போனவள். சுகந்திக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. அதனால் பொருள் சொல்பவள் நானாக இருந்தேன்.

ஆனால்... ஒரு கிழமை பாடமாக்கியும் என் மனதில் நிற்காத சொல், அடுத்த விசிலுக்கு முன்பே அவளுக்கு நின்றுவிடும். அதை வைத்து ஒரு வசனமும் சொல்லிக் காட்டுவாள். எனக்கு அது பொறுக்கவில்லை. வீட்டுக் கஷ்டம், முழங்கால் நோ, அந்த வேலை எனக்குத்தான் தேவை என்றெல்லாம் பல வருடம் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எல்லாம் பொய்! அது வெறும் பொறாமை.

"அக்கா, மெற்றிக்குலஸ் எண்டால் என்ன?" என்று ஒருநாள் கேட்டாள்.

மிக நுணுக்கமாக, ஒன்றையும் தவறவிடாமல் வேலை செய்கிறவர் என்று பொருள். எங்கள் அணியில் அப்படி ஒருத்தி இருந்தாள் என்றால் அது அவள்தான்.

"ஏனோதானோ எண்டு வேலை செய்யிற ஆள்" என்றேன்.

நேர்முகத் தேர்வன்று எனக்கு முன்னால் அவளைக் கூப்பிட்டார்கள். சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"அந்தச் சொல்லையே கேட்டவையள் அக்கா! நீங்கள் மெற்றிக்குலஸான ஆளோ எண்டு. நோ, நெவர் எண்டு அடிச்சுச் சொன்னனான்!"

கதவு இன்னும் சாத்தப்படவில்லை. அந்த நிமிடமே உள்ளே போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம் அல்லவா? என் பெயரைக் கூப்பிட்டார்கள். போனேன். என்னிடமும் அதே கேள்விதான். யேஸ் என்றேன்!

வேலை எனக்குக் கிடைத்தது. சுகந்தி மறுபடி முழங்காலில் இருந்தாள். அதன் பிறகு அவள் என்னிடம் ஒரு சொல்லுக்கும் பொருள் கேட்கவில்லை. "இங்கிலீஷ் எனக்கு மண்டையில ஏறாது அக்கா" என்று மட்டும் சொன்னாள். எத்தனை வருடம்... உண்மையைச் சொல்லாமலே இருந்தேன்.

போன மாதம் அவள் தன் மகளைப் பற்றிக் கதைத்தாள்.

"இங்கிலீஷ் வகுப்புக்குப் போகமாட்டாளாம். நானும் விட்டிட்டன். எங்கட ஆக்களுக்கு அது ஏறாது எண்டு நான்தானே சொல்லிச் சொல்லி வளத்தனான்."

என் பொய் இப்போது அந்தப் பிள்ளை வரைக்கும் போய்விட்டது! இனிமேல் என்ன வந்தாலும் சொல்லியே தீருவது என்று அன்று முடிவெடுத்தேன். வேலைக்கு முன் சொன்னால் அவள் கை தவறிவிடலாம். எங்கள் வேலையில் கை தவறக் கூடாது. கடைசி விசில் வரைக்கும் காத்திருந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.

அவள் அழவில்லை, ஏசவுமில்லை. சரியான பொருளைக் கேட்டாள். சொன்னேன்.

"அப்ப நான் இன்டர்வியூவில பொய்யெல்லோ சொல்லிப்போட்டு வந்திருக்கிறன்" என்றாள்.

"உன்ர மகளுக்கு நான் படிப்பிக்கிறன் சுகந்தி. வீட்டுக்கே வாறன்" என்றேன்.

"வேண்டாம் அக்கா. நீங்கள் சொல்லிக் குடுக்கிற ஒவ்வொரு சொல்லையும் பிறகு வேற ஆரிட்டயும் கேட்டுத்தான் நான் அவளைப் பாடமாக்க விடவேணும்."

மேலதிகாரியிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறார். பதவி போனால் போகட்டும், முழங்காலில் இருக்க நான் தயார்! ஆனால் அதோடு தீர்ந்துவிடும் என்று நினைக்கிறீர்களா?

மாலையில் வேலை முடிந்து ஒரே வாகனத்தில்தான் திரும்புகிறோம். சுகந்தி எனக்குப் பக்கத்தில் இருந்து, போனில் ஆங்கிலச் சொற்களைத் தேடிப் படிக்கிறாள். சில சொற்களில் விளங்காமல் நின்று, நெற்றியைச் சுருக்கி, நெடுநேரம் யோசிக்கிறாள். அவற்றில் பலவற்றுக்கு எனக்குப் பொருள் தெரியும். அவள் என்னிடம் கேட்பதில்லை.