அம்மாவின் நெற்றிப் பொட்டு

எனக்கு ஒன்றரை வயதில் அம்மா தவறிவிட்டாள். அவள் முகத்தை நான் பார்த்ததெல்லாம் ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோவில்தான். வெள்ளிக்கிழமைதோறும் அதன் கண்ணாடிமேல் சந்தனம் குழைத்து வைத்து, குங்குமம் இடுவேன். கண்ணாடியில் கீறல் விட்டிருந்ததை நான் பெரிதாக நினைக்கவில்லை. ஈரம் அதன் வழியே இறங்கி, நெற்றியிலிருந்து கன்னம்வரை செங்கறை படிந்துவிட்டது. சாமி கும்பிட்ட கையாலேயே பெற்றவள் முகத்தை அழித்துவிட்டேனே என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஆரப்பாளையத்தில் ஒரு ஸ்டுடியோவுக்கு எடுத்துப்போனேன். ஸ்டுடியோக்காரத் தம்பி கறையைக் கம்ப்யூட்டரில் நீக்கி, சொரசொரப்பான தாளில் கறுப்பு வெள்ளையாகவே பிரிண்ட் போட்டார். அப்போதுதான் அலமாரியில் அந்த மரப்பெட்டியைப் பார்த்தேன். போட்டோவுக்குக் கையால் கலர் தீட்டுகிற பெட்டி, அவருடைய தாத்தா வைத்திருந்ததாம். உள்ளே சுண்டுவிரல் அளவு ட்யூப்கள், பஞ்சு, ஈர்க்குச்சிகள்.

“இதுல போட முடியுமா தம்பி?”

“பாதி ட்யூப் கல்லாப் போச்சுக்கா. மிச்சத்த அமுக்கிப் பாப்போம். சேலை என்ன கலரு?”

எனக்கு எப்படித் தெரியும்? பரவையில் இருக்கும் சித்திக்குப் போன் போட்டேன். அம்மாவின் தங்கை.

“மாம்பழக் கலருத்தா, அரக்கு பார்டரு. அந்தச் சேலையக் கேட்டு அன்னைக்கு அம்புட்டு அழுதேன். போட்டோ எடுத்துட்டுத் தாரேன்னா ஒங்கம்மா. தரவே இல்ல, கள்ளி.” சித்தி சிரித்தாள்.

தம்பி ட்யூபை அமுக்கினார். மஞ்சள் புழுப்போல நெளிந்து வந்தது. எத்தனை வருஷமாக அந்த இருட்டுக்குள் காயாமல் கிடந்ததோ. பஞ்சில் கடுகளவு தொட்டுச் சேலைமேல் தேய்த்தார். உடனே பாதியைத் துடைத்தும் எடுத்தார்.

“தொடைக்கத் தொடைக்கத்தாங்க்கா உசுரு வரும்.”

மடிப்பின் நிழல்கள் அடியில் அப்படியே இருந்தன. மஞ்சள் மட்டும் காலை வெயில்போல மேலே படிந்தது. கன்னத்தில் ஒரு ஒற்று ஒற்றியதும், தொட்டால் சுடும்போல ஆகிவிட்டது அந்த முகம். நான் கைகூப்பி நின்றிருந்தேன். எப்போது கூப்பினேன் என்று தெரியாது. திரை விலகும்போது மீனாட்சி முன்னால் அப்படி நிற்பதுண்டு.

“பொட்டு மட்டும் நீங்க வைங்கக்கா.”

“வேணாம்யா. மறுபடியும் கெடுத்துருவேன்.”

“கெட்டாத் தொடைச்சிரலாம். இது உங்க குங்குமம் இல்ல.”

பஞ்சு சுற்றிய ஈர்க்குச்சியைக் கொடுத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தேன். சற்று இடப்பக்கம் தள்ளி விழுந்தது. துடைக்க வந்தவரைத் தடுத்துவிட்டேன். அம்மா நெற்றியில் என் கையால் இட்டதை எப்படி அழிக்க விடுவேன்?

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை சட்டத்தின்மேல் பூ மட்டும் வைக்கிறேன். கண்ணாடியைத் தொடுவதில்லை. பொட்டு உள்ளே இருக்கிறது.