காப்புரிமைக்குப் பயந்து தொலைத்த தேதிகள்

"ஜேபெக் (JPEG) பட வடிவத்தின் காப்புரிமை எங்களுடையது. தங்கள் இணையதளத்தின் ஜேபெக் படங்களுக்கு ராயல்டி கட்டவும், தவறினால் வழக்கு." தை மாத வெள்ளியன்று வந்த இந்த மின்னஞ்சல் என்னைப் பதறவைத்தது. ராசிபுரம் பகுதி ஏரிகள் நிரம்பிய நாள்களைப் படங்களோடு பதிந்து வருபவன் நான். அன்றே அத்தனை படங்களையும் வேறு வடிவத்துக்கு மாற்றிவிட்டு, மூலப் படங்களை அழித்தேன். மறுநாள் பார்த்தால், எடுத்த தேதிகள் போய், எல்லாவற்றிலும் மாற்றிய தேதியே இருந்தது.

செவ்வாய்ப்பேட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பரிடம் ஓடினேன். "ஏனுங்க, அந்தக் காப்புரிமை காலாவதியாகி வருசக்கணக்காச்சுங்க. ஏரிக்கெல்லாம் தேதி எழுதறவரு, இதுக்குத் தேதி பாக்கலீங்களா?" என்று சிரித்தார். அச்சுக்காக நான் கொடுத்திருந்த மூலப் படங்களின் நகல்கள் நல்லவேளையாக அவர் கணினியில் தேதியோடு இருந்தன; ஒன்று மட்டும் இல்லை.

இப்போதெல்லாம் எடுத்த நாளைத் தாளிலும் எழுதி வைக்கிறேன். மிரட்டல் வந்தால் விசாரிக்காமல் எதையும் அழிப்பதில்லை. அந்த ஒரு படத்தில் ஏரி நிரம்பி வழிகிறது. எடுத்தது ஐப்பசியிலா, கார்த்திகையிலா என்பது இன்னும் உறுதியாகவில்லை.