நம்ம டீம் அம்பயர்

எண்பதுகளில் ராஜகீழ்ப்பாக்கத்தில் கிரிக்கெட் ஆடும்போது, பேட்டிங் செய்யும் அணியின் ஆளே அம்பயராகவும் நிற்பான். தன் ஆளுக்கு அவன் அவுட் கொடுக்க மாட்டான். அதுதான் வழக்கம்.

ஒரு டோர்னமென்ட் ஃபைனலில் நான் அம்பயர். எங்கள் கேப்டன் சேகரின் மட்டையில் பந்து உரசிய சத்தம் எனக்குத் தெளிவாகவே கேட்டது. கீப்பர் பிடித்துவிட்டான். நான் இல்லையென்று தலையாட்டினேன்.

பந்து போட்டவன் சண்டைக்கு வரவில்லை. "அண்ணா, உங்களுக்குக் கேக்கவே இல்லையா?" என்றான்.

நான் விரலைத் தூக்கினேன்.

சேகர் மட்டையை ஓங்கிக்கொண்டு வந்தான். "இன்னா மச்சான், நீ நம்ம டீம்தானே?"

"ஆமா. ஆனா நீ அவுட்டு. கெளம்பு."

தோற்றோம். அதன்பிறகு என்னை ஆடக் கூப்பிடவில்லை. போகட்டும். விரலைத் தூக்கியதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டேன். கேட்பதென்றால், முதலில் தலையாட்டியதற்காக, பந்து போட்டவனிடம்தான்.