நான் நின்ற இடத்தில் நின்றவன்

ஒட்டுசுட்டானிலிருந்து வந்த பஸ்ஸின் கொண்டக்டர் என் சைக்கிள் கடை வாசலில் இறங்கி, அருளப்பன் மலேரியாக் காய்ச்சலில் போய்விட்டான் என்றார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. என் கைக்குத் தப்பிவிட்டானே என்றிருந்தது. அவனைத் தெரிந்த நீங்கள் எல்லோரும் அவனை நல்லவன் என்பீர்கள். நான் அவனைப் பழிவாங்கக் காத்திருந்தவன். அதையும் கேளுங்கள்.

முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து விசுவமடுவுக்கு வந்தவன் அவன். கடையில் என்னோடு சேர்த்துக்கொண்டேன். ஒருமுறை கோயில் பெருநாளுக்கு, கொழும்புக் கானிவேலில் பார்த்த, ஒன்றையொன்று மோதி விளையாடும் இடிகார் செய்யப்போவதாக நின்றான். வன்னியில் அப்போது கரண்டும் இல்லை, பெற்றோலும் இல்லை. இரண்டு பலகைத் தட்டுகளில் சைக்கிள் பெடலும் செயினும் பூட்டி, சுற்றிவர லொறி ரியூப்பைக் கட்டி, காற்றை இறுக்கி அடித்தான். வேலைக்கு நடுவே விளக்கமும் சொன்னான். “ரெண்டும் ஒரே பாரமெண்டால் இடிச்சவன் நிண்டிடுவான், இடிபட்டவன்தான் ஓடுவான்.” நானும் தலையாட்டிக்கொண்டு செயினுக்கு எண்ணெய் விட்டேன்.

பெருநாளன்று றெஜினாவும் அவளுடைய தகப்பனும் வந்திருந்தார்கள். எனக்கு அவளைப் பேசியிருந்தார்கள். புதுச் சாரம் கட்டி, வண்டியை அவளுக்கு முன்னால் நிறுத்தி, தலைமயிரைக் கோதிக்கொண்டிருந்தேன். அருளப்பன் முழு வேகத்தில் வந்து இடித்தான். அவன் சொன்னது அப்படியே நடந்தது. நான் நின்ற இடத்தில், அவளுக்கு நேரே, அவன் அசையாமல் நின்றான். நான் திடலைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றை அறுத்துக்கொண்டு சேற்றில் போய் விழுந்தேன். இடுப்பிலிருந்த சாரம் பெடலில் மாட்டி அங்கேயே நின்றுவிட்டது. தகப்பன் சம்பந்தத்தை அன்றே விட்டுவிட்டார். அடுத்த தைக்கு அவளைக் கட்டியவன் அருளப்பன்.

மறு பெருநாளில் பழி தீர்க்க இறங்கினேன். பாரம் கூடினால் அடியும் கூடும் என்று என் இருக்கைக்குக் கீழே மணல் மூட்டை கட்டினேன். கால் நோக மிதித்தும் வண்டி எருமை மாதிரித்தான் நகர்ந்தது. ஒருவழியாகப் போய் இடித்தால், அவன் தொட்டிலில் கிடப்பவன் போலப் பின்னால் உருண்டு போய்ச் சிரித்தான். என் மூட்டையைக் கண்டதும் தன் ரியூப்பில் பாதிக் காற்றைத் திறந்துவிட்டிருக்கிறான். “காத்துக் குறைஞ்சால் அடி ஆறுதலாத்தான் இறங்கும் மச்சான்” என்று எனக்கே பாடம் எடுத்தான். நான் அவனோடு கதைப்பதை நிறுத்தினேன்.

அதற்குப் பிறகு ஊர் இடம்பெயர்ந்தது. பெருநாளும் இல்லை, இடிகாரும் இல்லை. அவன் ஒட்டுசுட்டானில் கடை போட்டான். வழியில் கண்டால் சைக்கிளை நிறுத்துவான், நான் நிறுத்தமாட்டேன். நாள் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

செத்த வீட்டுக்குப் போனேன். முகத்தைப் பார்த்து மனத்துக்குள்ளாவது நாலு வார்த்தை திட்டவேண்டும் என்றுதான் போனேன். திட்டிக்கொண்டு நிற்கையில் றெஜினா பக்கத்தில் வந்தாள்.

“உங்களை இடிக்கச் சொன்னது நான்தான் அண்ணை. எனக்கு உங்களைக் கட்ட விருப்பமில்லை. ஐயாவிட்டைச் சொல்லப் பயம். அப்ப இவரை எனக்கு வடிவாத் தெரியாது. ஒருக்கா விழுத்திவிடுவியளோ எண்டு கேட்டன், ஓம் எண்டார்.”

ஏன் இத்தனை காலமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“அவர்தான் விடேல்லை. ‘அவன் என்னைத் திட்டட்டும், பரவாயில்லை. நீ அவனை வேண்டாமெண்டனி எண்டு தெரிஞ்சால் உடைஞ்சுபோவான்’ எண்டவர்.”

பக்கத்துக் கதிரையில் இருந்துவிட்டேன். அருளப்பா, சேற்றில் விழுத்தியதை விட இது பெரிய அநியாயம். என் கோபம் முழுவதையும் வாங்கிக்கொண்டு, திருப்பி ஒரு சொல் சொல்லாமல் போய்விட்டாய். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கோபம் ஒன்றுதான். அதை உன் மனைவி பக்கம் திருப்பமாட்டேன். சாகும்வரை அது உன்மேல்தான்.