நான்காவது பிரஸ்ஸுக்கு மட்டும் நான்கு விநாடி

தொண்ணூற்றொன்றில், ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருந்த ஒரு ரப்பர் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தேன். லாரி, டிராக்டர்களில் எண்ணெய் கசியாமல் தடுக்கிற ரப்பர் வளையங்களை, அதாவது ஆயில் சீல்களை, செய்கிற இடம். குன்றத்தூரிலிருந்து கம்பெனி வேனில் போய் வருவேன். ஷெட்டின் ஓரத்தில் கண்ணாடி வைத்த சின்ன கேபின். உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், நான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆறு பிரஸ்கள். சூடான அச்சுக்குள் டிரேயிலிருந்து ரப்பர் துண்டுகளை வைத்து, மேல்தட்டு இறங்கி அழுத்தினால், சில நிமிடங்களில் அவை வளையங்களாக வெந்து வெளியே வரும். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், தட்டு எப்போது இறங்க வேண்டும் என்பதையெல்லாம் என் கேபினில் இருந்த புரோகிராம்தான் சொல்லும்.

அதை எழுதியவர் எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர். நான் சேர்வதற்கு முன்பே பெங்களூருக்குப் போய்விட்டார். புரோகிராமில் ஒரு குறிப்புகூடக் கிடையாது. மெமரி அவ்வளவு குறைவு. விளக்கம் எழுதினால் வேலைக்கான வரிகளுக்கு இடம் போதாது. மாற்றங்களைப் பதிய ஒரு ரெஜிஸ்டர் வைத்திருந்தார். தேதி, வரி எண், பழையது, புதியது, காரணம், கையெழுத்து என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கட்டங்கள். காரணம் என்ற கட்டத்தில் பக்கம் பக்கமாக ஒரே சொல்தான்: ‘தேவைப்படி.’

நான் சேர்ந்த மூன்றாவது மாதம் புரொடக்‌ஷன் மேனேஜர் கேபினுக்கு வந்தார்.

“ஏம்மா, நாலாவது பிரஸ் மட்டும் ஏன் எப்பவும் பின்னாடியே இருக்கு? புரோகிராம்ல ஏதாவது இருக்கான்னு பாரு.”

பார்த்தேன். ஆபரேட்டர் பொத்தானை அழுத்தியதும் மற்ற பிரஸ்களில் இரண்டு விநாடி கழித்துத் தட்டு இறங்கும். நான்காவதில் மட்டும் ஆறு விநாடி. ரெஜிஸ்டரைப் புரட்டினேன். இரண்டு, ஆறாக மாறியிருந்தது. காரணம், தேவைப்படி. ஏதோ சோதனைக்காகக் கூட்டிவிட்டுத் திரும்பக் குறைக்க மறந்திருப்பார் என்று நினைத்தேன். ஆறை இரண்டாக்கினேன். ரெஜிஸ்டரில் எழுதும்போது எனக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை. காரணக் கட்டத்தில் ‘தேவைப்படி’ என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பிரஸ்ஸில் வழக்கமாக நிற்பவர் அப்போது மஞ்சள் காமாலையில் லீவில் இருந்தார். முப்பது வயது இருக்கும், வல்லம் பக்கத்து ஆள். அவர் இடத்தில் நின்ற வேறொருவர் பத்து நாள் ஓட்டினார். நான்காவது பிரஸ் மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது. மேனேஜர் கண்ணாடி வழியே கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். எனக்குப் பெருமையாக இருந்தது.

பதினோராவது நாள் காலை பத்து மணி இருக்கும். ஒரு கத்தல் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் நான்காவது பிரஸ் மூடியிருந்தது. அதன் முன்னால் அந்த வல்லத்துக்காரர் இடது கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். லீவு முடிந்து அன்றுதான் வந்திருந்தார். ஓடினேன்.

“கை வந்துடுச்சி மேடம். கிளவுஸ்தான் உள்ள போச்சி,” என்றார். முகம் வெளுத்திருந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார், “இன்னா பண்ணீங்க மேடம் மெஷின? டபால்னு எறங்குது.”

பிரஸ்ஸைத் திறந்தபோது கிளவுஸ் ரப்பரோடு சேர்ந்து வெந்து அச்சில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் ஐந்து விரல்களும் தட்டையாகத் தெரிந்தன. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

மதியம் கேன்டீனில் அவர் எதிரே போய் உட்கார்ந்தேன். நேரத்தைக் குறைத்தது நான்தான் என்று சொன்னேன். அவர் இடது கையைச் சாப்பாட்டுத் தட்டின் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கடைசி இரண்டு விரல்களும் மடங்கவில்லை.

“முன்ன ஒரு வாட்டி இதே சூட்டுல மாட்டிக்கிச்சி. எல்லாரும் வலது கையால பட்டன அமுக்கிக்கினே இடது கையால டிரேவ இழுத்துக்குவாங்க. எனுக்கு இழுக்க நேரமாவும். முன்ன இருந்த சார் பாத்துட்டு, உனுக்கு மட்டும் கொஞ்சம் கூட வெக்கிறேன்னு வெச்சாரு.”

“அதை ஏண்ணா எங்கேயும் எழுதலை?”

“நான்தான் வேணாம்னேன். சனிக்கெழமையான ரெஜிஸ்டரு மேனேஜர்கிட்ட போவுது இல்ல? கை சரியில்லாதவன பிரஸ்ல நிக்க வெப்பாங்களா?”

சாப்பாடு முடிந்ததும் முதல் வேலையாகக் குறைத்த நான்கு விநாடியைத் திரும்பக் கூட்டி ஆறாக்கினேன். காரணத்தை ரெஜிஸ்டரில் எழுதினால் அவர் பயந்தது நடக்கும். எழுதாவிட்டால் எனக்குப் பிறகு வருகிறவர் நான் செய்ததையே செய்வார். புரோகிராமுக்குள், அந்த வரிக்கு மேலேயே எழுதலாம் என்று தோன்றியது. அதில் கை வைக்கிறவர் எவரும் முதலில் அங்கேதான் வருவார். மேனேஜர் அதைத் திறக்க மாட்டார். மறுநாள் பிரஸ்காரரிடம் சொன்னேன்.

“வேணாம் மேடம்.”

“நான் நாளைக்கு வேலையை விட்டுட்டுப் போயிட்டா?”

“போவாதீங்க,” என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். கடைசியில், “சரி, என் பேரு மட்டும் போடாதீங்க,” என்றார்.

இடம் வேண்டுமே. தினமும் கம்ப்யூட்டரை முடுக்கியதும் திரையில் நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு காலை வணக்கம் வரும். அதை நீக்கினேன். கிடைத்த இடத்தில், ‘இங்கே நிற்பவர் கையை எடுக்க ஆறு விநாடி வேண்டும். அவரைக் கேட்காமல் குறைக்காதே’ என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினேன்.

ரெஜிஸ்டரில் மாற்றத்தைப் பதிந்து, காரணத்தைக் காலியாக விட்டேன். மறுபடியும் ‘தேவைப்படி’ என்று எழுதக் கை வரவில்லை. அந்தச் சனிக்கிழமை மேனேஜர் காலிக் கட்டத்தில் விரலை வைத்தார். “குறைச்சதைத் திரும்பக் கூட்டியிருக்கே. ஏன்?”

பொய் சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை, உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

“இது எனக்குத் தெரிஞ்சிருந்தா குறைக்க விட்டிருப்பேனாம்மா?”

திங்கட்கிழமை பிரஸ்காரரை, வெந்த வளையங்களைச் சரிபார்க்கிற இன்ஸ்பெக்‌ஷனுக்கு மாற்றினார்கள். சம்பளம் குறையவில்லை. ஆனால் அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். வேனிலிருந்து இறங்கும்போது எதிரே வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே போயிற்று. நான் செய்தது சரியா என்று அந்த நாட்களில் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. இன்றும், வேறு மாதிரி சொல்லியிருக்கலாமோ என்று நினைப்பதுண்டு.

மழைக்காலம் முடிவதற்குள் ஆறு பிரஸ்களுக்கும் இரண்டிரண்டு பொத்தான் வைத்தார்கள். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் தட்டு இறங்கும். யார் கையும் உள்ளே இருக்க முடியாது. இனி அந்த நான்கு விநாடி தேவையில்லை. அதை எடுத்தேன், ஏன் எடுத்தேன் என்று அதே இடத்தில் எழுதினேன். மேனேஜர் அவரைப் பிரஸ்ஸுக்கே திரும்பக் கூப்பிட்டாராம். இன்ஸ்பெக்‌ஷன் டேபிளுக்கு மேலே ஃபேன் இருக்கிறது, அந்தச் சூட்டுக்குத் திரும்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

அதற்குச் சில நாள் கழித்து, டீ நேரத்தில், கேபின் கதவைத் தள்ளிக்கொண்டு அவர் உள்ளே வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“ரெண்டாவது பிரஸ்ல சூடு கொஞ்சம் தூக்கலா கீது இல்ல? அது ஏன்னு தெரியுமா மேடம்?”

தெரியாது என்றேன்.

“சைடு ஷட்டர்லேருந்து காத்து நேரா அது மேலதான் அடிக்கும். ஷட்டரு மூடிக் கெடந்தா அவ்ளோ சூடு வேணாம். எழுதிக்குங்க.”

பிரிண்ட் எடுத்த புரோகிராமை மேசைமேல் விரித்து, அந்த வரியைத் தேடினேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.