உண்ணிச்செடி வாசம்

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு, எங்கள் ஊரில் புதிதாகத் திறந்திருக்கும் இயற்கைப் பூங்காவுக்கு மனைவியை அழைத்துப் போனேன். கோலாரில் பிறந்த அவளுக்குத் தங்கவயல் என்றாலே இளக்காரம். "உங்க ஊர்ல மண்ணு மேட்டத் தவிர இன்னா இருக்குது?" என்பாள். மயில் இருக்கிறது என்று காட்ட வேண்டாமா?

நன்றாகத்தான் இருந்தது. மூடிய சுரங்க நிலத்தில் வேம்பும் புங்கமும் நட்டு, கன்னடத்தில் பெயர்ப்பலகை வைத்திருந்தார்கள். ஓர் உடும்பு, பென்ஷன் வாங்கியவர் மாதிரி அவசரமே இல்லாமல் நடைபாதையைக் கடந்தது. வேலியோரம் யாரும் நடாத உண்ணிச்செடி புதராக மண்டிக் கிடந்தது. போகிற போக்கில் கை பட்டு ஓர் இலை கசங்கியது. அவ்வளவுதான், அந்த வாசம் என்னை அங்கேயே நிறுத்திவிட்டது.

உங்களுக்கு அது வெறும் காட்டு வாசமாக இருக்கலாம். எனக்கு அது பயத்தின் வாசம்.

சின்ன வயதில், சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிக்கொடுத்த எங்கள் லைன் வீட்டு அலமாரியில் பாத்திரங்கள் திடீரென்று கடகடக்கும். காக்கைகள் கத்திக்கொண்டு எழும்பும். சுரங்கத்துக்குள் பாறை வெடித்திருக்கிறது என்று அர்த்தம். வேறு ஊரில் தரை அதிர்ந்தால் திறந்த வெளிக்கு ஓடுவார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள், ஆட்களைக் கூண்டில் இறக்கும் ஷாஃப்டை நோக்கி ஓடுவார்கள். உள்ளே இருந்தவர்கள் எங்கள் அப்பாக்கள் அல்லவா? ஷாஃப்டைச் சுற்றிலும் இதே புதர்தான். கூண்டு மேலே வரும்வரை அம்மாவின் உதடு ஜெபம் சொல்லும், கை தன்னையறியாமல் இலையைப் பறித்துக் கசக்கும். மறு கையில் நான். அப்பா வராமலே போய்விடுவாரோ என்ற பயத்தில் எனக்கு மூத்திரம் முட்டும். அதைச் சொல்லவும் பயம்.

ஒரு தடவை அப்பா முதல் கூண்டிலேயே வந்துவிட்டார். வீட்டுக்குப் போகலாம் என்று அம்மாவின் சேலையை இழுத்தேன். அவள் அசையவில்லை.

"பக்கத்து ஊட்டு அக்கா நிக்குதில்ல? அவங்க ஆளு இன்னும் மேல வரல. எல்லாரும் வந்தப்புறம்தான் போவணும்."

அதுதான் எங்கள் ஊர் வழக்கம். அப்பாவும் சேறு வழியும் உடுப்போடு எங்களுடன் நின்றார். கடைசிக் கூண்டும் வந்தது. அக்காவின் ஆள் அதில் இல்லை. அக்கா கதறத் தொடங்க, அம்மா சட்டென்று என் கண்ணைப் பொத்தினாள். அந்தக் கை முழுக்க உண்ணிச்செடி வாசம்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு நின்றபோதுதான் பூங்காவின் மயில்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறின. காலடியில் தரை அதிர்ந்தது. சனமெல்லாம் கேட்டை நோக்கி ஓடியது. நான் தொப்பையும் முட்டிவலியுமாக, கட்டியவளை அம்போவென்று விட்டுவிட்டு, மூடிக்கிடக்கும் ஷாஃப்டை நோக்கி ஓடினேன்.

அங்கே எனக்கு முன்பே ஒரு வயதான அம்மாள் வேலியைப் பிடித்து மூச்சிரைக்க நின்றிருந்தார். கையில் கசங்கிய இலை.

"கல்குவாரியில வெடி வெச்சிருப்பாங்கப்பா," என்றார். "எங்க ஊட்டுக்காரரு போய்ச் சேந்து எவ்ளோ வருஷம் ஆவுது. காலு கேக்க மாட்டேங்குது."

பின்னாலேயே மனைவி வந்து சேர்ந்தாள். "ஆபத்துன்னா வெளியதான ஓடுவாங்க? இங்க இன்னா வெச்சிருக்கீங்க? வாங்க போலாம்."

ஒன்றும் இல்லைதான். சுரங்கத்துச் சங்கு ஊதுவது என்றைக்கோ நின்றுவிட்டது. கூண்டு போய்விட்டது. குழி நிறையத் தண்ணீர். அப்பா கல்லறையில் இருக்கிறார். ஆனாலும் நானும் வேலியைப் பிடித்துக்கொண்டேன்.

மேலே வர யாரும் இல்லை என்பது எனக்கும் அந்த அம்மாளுக்கும் தெரியும். ஆனால் அவர் நிற்கும்போது நான் எப்படிப் போவது? நான் நிற்கிறேனே என்று அவரும் நின்றுகொண்டிருந்தார்.