ஐயனார் காட்டு நாயுருவி

பி.எஸ்ஸி. தாவரவியல் கடைசி வருடம். திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்தேன். "பஸ்ட் கிளாஸ் வந்தா மேல படி. இல்லையா, தை மாசம் கல்யாணம்" என்று அப்பா சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் வேறு அவசரப்பட்டார்கள். அந்த வருடம் முழுக்க அந்தப் பயத்தோடுதான் படித்தேன்.

எங்கள் விரிவுரையாளர் ஆளுக்கொரு இடத்தைப் பிரித்துக் கொடுத்து, அங்குள்ள செடிகளைப் பறித்து உலர்த்தி, அட்டையில் ஒட்டிக் கொண்டுவரச் சொன்னார். எனக்கு வந்தது கீரமங்கலம் பக்கம் எங்கள் ஊர் ஐயனார் கோயில் காடு. தலையை ஆட்டிவிட்டேன். அந்தக் காட்டிலிருந்து ஒரு இலைகூட வெளியே வரக்கூடாது, விழுந்த சுள்ளியையும் எடுக்கக்கூடாது என்று மெட்ராஸ்காரரான அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரிடமும் பயம், ஐயனாரிடமும் பயம்.

விடுமுறையில் சித்தப்பா சைக்கிளில் கூட்டிப்போய்க் காட்டு வாசலில் இறக்கிவிடுவார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவேன். பறிக்கத்தான் முடியாதே, வேறென்ன செய்வது? எது எங்கே நிற்கிறது, எதன் நிழலில் எது முளைக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வெளியே வரும்போதெல்லாம் சித்தப்பா அதட்டுவார்.

"சேலையை ஒதறிட்டு வாத்தா. ஒட்டிக்கிட்டு வாரதும் சாமி சொத்துதான்."

உதறுவேன். நாயுருவி விதைகள் உதிரும். உதிராததைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்த ஒருநாள்தான் கண்ணில் பட்டது: வாசலுக்கு உள்பக்கம், எல்லோரும் துணியை உதறும் அந்த இடத்தில் நாயுருவி இடுப்பளவு மண்டிக் கிடந்தது. ஊரே உதறி உதறி வளர்த்த புதர்! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சித்தப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"இதைக் கண்டுபிடிக்கவா காலேசுக்குப் போன?" என்றார்.

செய்முறைத் தேர்வன்று மற்ற பெண்கள் கட்டுக்கட்டாக அட்டைகளோடு நின்றார்கள். என்னிடம் நான் வரைந்த காட்டின் படம் மட்டும் இருந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர், "செடி எங்கம்மா?" என்றார். பறிக்க முடியாத கதையையும் நாயுருவிக் கதையையும் சொன்னேன்.

அவர் படத்தையே பார்த்தார். "வாசல்ல வெயில் நல்லா விழும். அதனாலகூட மண்டியிருக்கலாமே?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. "தெரியாது சார். வடக்க மரம் சாஞ்சு வெயில் விழுற எடம் ஒண்ணு இருக்கு. அங்கிட்டு யாரும் போகமாட்டாங்க. போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

"எது எங்க, ஏன் வளருதுன்னு பாக்க இக்காலஜின்னு ஒரு படிப்பே இருக்கு" என்று மட்டும் சொல்லி, அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார். தொலைந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

ஊருக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும், சைக்கிளோடு கூட்டிப்போக வந்திருந்த சித்தப்பாவை நேரே காட்டின் வடக்குப் பக்கம் விடச் சொன்னேன். தேர்வுக்குக் கட்டிய சேலையோடு காட்டைச் சுற்றியிருந்த மண்கரையில் ஏறி உள்ளே போனேன். வாசலில் விழும் அதே வெயில். புல் இருந்தது, வீரை மரக் கன்றுகள் இருந்தன. நாயுருவி ஒன்றுகூட இல்லை.

வெளியே வந்தேன்.

"ஒதறிட்டு வா" என்றார் சித்தப்பா.

உதறினேன். எதுவும் விழவில்லை. அழுகை பொங்கிவிட்டது. இத்தனை நாளும் பஸ்ட் கிளாஸ் தவறிவிடுமோ என்று பயந்தவள், இப்போது வேறொன்றுக்குப் பயந்தேன்: கல்யாணம் ஆகிவிட்டால் இங்கே திரும்பி வர விடமாட்டார்களோ?

"சித்தப்பா, மார்க்கு எப்புடி வந்தாலும் கல்யாணம் வேணாம்னு அப்பாகிட்ட நீங்கதான் சொல்லணும்."

அவர் சைக்கிளை எடுத்தார். வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டு, எனக்கு முன்னால் அப்பாவைத் தேடி உள்ளே போனார்.